பார்க்க வருவோரும் பயிர் செய்வோரும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர் முதலில் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார். அது 1010ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது என்று கேட்டு வியக்கிறார். அதே கோயிலின் அடித்தளத்தில், கண்ணுக்கு நேரே வரி வரியாக வெட்டியிருக்கும் எழுத்துகளைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அவற்றில் இராசராச சோழன் கொடுத்த நகைகள், திருமேனிகள் பற்றிய பட்டியல்கள் உண்டு. அவற்றோடு நெல் கணக்கும் நிறைய உண்டு. எந்த ஊர் எத்தனை கலம் நெல் அளக்க வேண்டும், அந்த நெல் யார் யாருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. கோயிற்பணிக்கு அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் ஒரு பங்கு. அவர்களுக்கு மட்டுமே 40,000 கலம் ஆகிறது. இசைக்காரர், தையற்காரர், தச்சர், கணக்கர் என எல்லோருக்கும் கூலி நெல்லில்தான். ஈழத்து ஊர்கள் சிலவும் இந்தக் கோயிலுக்கு நெல் அளக்கக் கடமைப்பட்டிருந்தன. ஒரு விளக்கு அணையாமல் எரிவதற்கு 96 ஆடுகள் என்று கால்நடைக் கணக்கும் இருக்கிறது.

நம் பகுதி முதியவர்கள் இன்றும் மூட்டைக்கு இரண்டு கலம் என்று கணக்குச் சொல்வார்கள். சோழர் காலத்துக் கலமும் இதுவும் ஒரே அளவு என்று கொள்ளக்கூடாது. ஆனால் சொல் மாறவில்லை, விளைபொருளும் மாறவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், காவிரிப் படுகைக்கு மக்கள் வந்து பார்க்கும் பொருள்களில் பெரும்பாலானவை உழவரின் மிகுதி நெல்லால் உண்டானவை. கோயில் மட்டுமல்ல, சிற்பம், இசை, நாட்டியம், பட்டு எல்லாம் அப்படியே. ஆனால் பார்க்க வருபவர் செலவிடும் பணத்தில் இன்று உழவருக்கு வருவது என்ன? அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வயலுக்குக் கொண்டுவர முடியுமா? முடியும் என்றால் எவ்வளவு, எந்த வழியில்? சுற்றுலா வந்தால் ஊர் செழித்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். சுற்றுலாவே வேண்டாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால் கணக்குப் பார்ப்பது நல்லது.

வண்டல் செய்த வேலை

மேட்டூரில் திறந்துவிடும் தண்ணீர் முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு, கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது. கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு என்று கிளைத்துக்கொண்டே போகிறது. கிழக்கே கடல் வரை சரிவு மிகவும் குறைவு. ஆகவே ஆறு தான் கொண்டுவந்த மண்ணை ஒவ்வொரு வெள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்தது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்ததுதான் பழைய பாசனப் பகுதி. கல்லணைக் கால்வாயால் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் புதிய பாசனப் பகுதி. அது மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்த பிறகு நீர் பெற்றது. அங்கே மண் வேறு, தென்னையும் மிகுதி. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் அங்குதான் தென்னைகளை வேரோடு சாய்த்தது.

இந்த வண்டல் நெல்லுக்கு மட்டும் உதவவில்லை. சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் ஐம்பொன் திருமேனி செய்யும் ஸ்தபதிகள், மெழுகு உருவின் மேல் முதலில் பூசுவது காவிரிக் கரையின் நயமான வண்டல் மண்ணைத்தான். மெழுகில் செதுக்கிய விரல் நகமும் ஆடை மடிப்பும் அந்த மண்ணில் அப்படியே பதிகின்றன. மண் கரடுமுரடாக இருந்தால் சிலையும் கரடுமுரடாகத்தான் வரும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வார்ப்பதற்கும் இந்த வண்டலே வார்ப்பு மண். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் முதலில் ஆற்றுக் களிமண்ணால் ஆனது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு வேண்டிய நெட்டி, ஏரி குளங்களில் தானாக வளரும் செடி. கோரைப்பாய்க்குக் கோரை, வாய்க்கால் கரையிலும் படுகையிலும் விளைகிறது. கும்பகோணம் வெற்றிலை கொடிக்காலில் விளைகிறது. அதற்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பெயர்கள் பலவும் இப்படிக் குறியீடு பெற்றவைதான். குறியீடு என்றால் இந்த மண்ணில், இந்த ஊர்களில் ஆனதற்கே இந்தப் பெயர் உரியது என்ற சட்டப் பாதுகாப்பு. பெயருக்குள்ளேயே நம் மண் இருக்கிறது. கொடிக்கால்காரருக்கு ஒரு கவுளிக்குக் கூடுதலாக எவ்வளவு கிடைக்கிறது என்பது வேறு கேள்வி. குறியீட்டுக்காக விலை தானே ஏறிவிடாது. அந்தப் பெயரைக் கட்டின்மேல் எழுதி, அந்தப் பெயரைக் கேட்டு வாங்குபவரிடம் விற்றால்தான் ஏறும்.

பணம் எங்கே நின்றுவிடுகிறது?

பெரிய கோயில் 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004இல் அத்துடன் சேர்ந்தன. நவக்கிரகத் தலங்களைச் சுற்றிப் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து வண்டிகள் நாள்தோறும் புறப்படுகின்றன. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் எல்லா மதத்தாரும் வருகிறார்கள். தை மாதத்தில் திருவையாற்றில் தியாகராசர் ஆராதனை. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை ஆகிய இடங்களுக்குப் பறவை பார்க்க வருகிறார்கள். எனவே ஆள் வரத்துக்குக் குறைவில்லை.

ஆனால் ஒரு குடும்பம் திங்களூரிலிருந்து ஆலங்குடிக்குப் போகும் வழியை நினைத்துப் பாருங்கள். இரு பக்கமும் வயல். வண்டி நிற்பது கோயில் வாசலில், பிறகு டவுன் ஓட்டலில். செலவு வண்டி வாடகை, தங்கும் அறை, சாப்பாடு, பூசைத் தட்டு, பட்டுப்புடைவை என்று போகிறது. அந்தச் சாப்பாட்டின் அரிசி எங்கிருந்து வந்தது என்று ஓட்டல்காரரைக் கேட்டால் மொத்த வியாபாரி பெயரைச் சொல்வார். காய்கறி ஒட்டன்சத்திரம் போன்ற வெளியூர்ச் சந்தைகளிலிருந்து வருவதும் உண்டு. வாழை இலையும் வெற்றிலையும்தான் பெரும்பாலும் பக்கத்து ஊர்ச் சரக்கு. ஆக, ஜன்னல் வழியே ஐந்து மணி நேரம் நம் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தவர் நம் வயலுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காமல் ஊர் திரும்புகிறார். இது அவர் குற்றமல்ல. வாங்குவதற்கு நாம் அவர் முன் எதையும் வைக்கவில்லை.

அதற்கு மாறாகச் சில தொல்லைகளை மட்டும் அவர்கள் விட்டுச் செல்கிறார்கள். பரிகாரத் தலங்களில் குளித்துவிட்டு ஆற்றில் விடும் துணி மதகில் சிக்குகிறது. பிளாஸ்டிக் பை கன்னி வாய்க்காலை அடைக்கிறது. சாலையோர வயலில் வீசிய கண்ணாடிப் புட்டி உடைந்து, நடவுப் பெண்களின் காலைக் கிழிக்கிறது. இவற்றைக் கிராம சபையில் எழுப்பி, வண்டி நிற்கும் இடத்திலேயே குப்பைத் தொட்டியும் துணி போடும் தொட்டியும் வைக்கத் தீர்மானம் போடலாம். சேற்றில் இறங்குபவர்களின் கால் இதில் இருக்கிறது என்பதால் இதைச் சின்ன விஷயம் என்று தள்ளக்கூடாது.

நம் பகுதிக்கு ஆண்டுதோறும் தவறாமல் வரும் பழைய விருந்தாளிகள் வேறு சிலர் உண்டு. அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையுடன் வந்து வயலில் கிடை போடுகிறார்கள். அவர்கள் மேய்ச்சலைப் பெற்றுக்கொண்டு எருவை விட்டுச் செல்கிறார்கள். வருபவருக்கும் நிலத்துக்காரருக்கும் கொடுக்கல் வாங்கல் நேராக நடக்கிறது, நடுவில் யாரும் இல்லை. வெளியூர்ப் பயணிகளிடமும் நமக்கு வேண்டியது இப்படிப்பட்ட ஏற்பாடுதான்.

பருவமும் பயணமும்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்க வேண்டும். 2022இல் மே 24ஆம் நாளே திறந்தார்கள். 2024இல் நீர் இருப்புப் போதாமல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். அந்த ஆண்டு ஆற்றுநீரை நம்பிக் குறுவை வைக்க முடியவில்லை. காவிரி நீர்ப் பங்கீட்டில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. எவ்வளவு என்பது தீர்ந்தாலும், எந்த மாதம் எவ்வளவு வரும் என்பது மழையையும் மேலே உள்ளவர்களையும் பொறுத்தது.

இந்த நிலையற்ற வரத்துதான் பயணிகள் வருமானத்தையும் தீர்மானிக்கிறது. சுற்றுலாப் படத்தில் இருக்கும் பச்சை வயலை மே மாதப் பள்ளி விடுமுறையில் வருபவர் பார்க்க முடியாது. அப்போது பெரும்பாலும் தரிசு, வெடித்த மண், ஆட்டுக்கிடை. பசுமையாக இருப்பது இரண்டு காலம். ஒன்று, குறுவை வைத்த ஆண்டில் ஆடி, ஆவணி. மற்றொன்று, சம்பா, தாளடி நட்டு ஐப்பசி முதல் மார்கழி வரை. பின்னதில்தான் வடகிழக்குப் பருவமழையும் புயலும். மழை விட்டுக் கதிர் முற்றும் தை மாதத்தில் வெளிநாட்டாரும் வடநாட்டாரும் மிகுதியாக வருகிறார்கள், பறவைகளும் நிறைந்திருக்கும். ஆனால் அதே நேரத்தில்தான் நமக்கு அறுவடை, உளுந்து விதைப்பு, கொள்முதல் நிலையத்தில் மூட்டையுடன் காத்திருப்பு எல்லாம். ஆக, வருபவருக்கு ஓய்வுள்ள நாளில் நமக்கு வேலை, நமக்கு ஓய்வுள்ள நாளில் வயலில் பார்க்க ஒன்றுமில்லை. மேலும் தண்ணீர் பொய்த்த ஆண்டில் நெல்லும் இல்லை, பார்க்கப் பசுமையும் இல்லை. ஒரு வருமானம் தவறினால் மற்றது தாங்கும் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே மதகில் தொங்குகின்றன. ஆகவே பயணிகள் வருமானத்தைப் பயிர்க் காப்பீட்டுக்கு ஈடாக எண்ணக்கூடாது.

பங்குனி, சித்திரை, வைகாசியில் ஊர்த் திருவிழாக்கள் நெருக்கமாக வருவதற்கும் இந்தப் பருவம்தான் காரணம். அறுவடை முடிந்து கையில் நெல்லும் உடம்பில் ஓய்வும் இருக்கும் காலம் அது. வருபவருக்கு இதைச் சொன்னால் தேர் பார்ப்பது இன்னும் சுவையாக இருக்கும். யாரும் சொல்வதில்லை.

வழியில் விற்கும் அரிசி

எனக்குத் தெரிந்தவரை, சிறு விவசாயிக்கு மிகக் குறைந்த செலவில் கைக்கு எட்டுவது அரிசி விற்பனைதான். இதற்கு நல்ல உதாரணம் நம் பகுதியிலேயே இருக்கிறது. திருத்துறைப்பூண்டி அருகில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவுக்கு, கோயிலுக்காக அல்லாமல் விதைக்காகவே வெளி மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தார்கள். இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கிச் சென்றவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே விதி. அவர் 2018 டிசம்பரில் காலமானார். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், காட்டுயானம் ஆகிய பெயர்களை இன்று நகரத்து வீடுகளில் தெரிந்து வைத்திருப்பதற்கு அந்த விழா ஒரு பெரிய காரணம்.

பெயர் தெரிந்தவர் விலை கொடுப்பார். ஆனால் முழு நிலத்திலும் இந்த ரகங்களை வைத்துவிடலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள விளைச்சலும் சில்லறை விலையும் உதாரணத்திற்காக வைத்தவை. உங்கள் வயல் கணக்கை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளவும்.

ஏக்கருக்கு உயர்விளைச்சல் ரகம் 60 கிலோ மூட்டையாக 30 கண்டது என்று வைத்துக்கொள்வோம். 2025-26 பருவத்திற்குப் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அதன்படி மூட்டைக்கு 1,421 ரூபாய், 30 மூட்டைக்கு 42,630 ரூபாய். மாநில ஊக்கத்தொகையை இதில் சேர்க்கவில்லை. பாரம்பரிய ரகம் 18 மூட்டை என்று வைத்துக்கொண்டால், நெல்லாகவே கொள்முதல் நிலையத்தில் போட்டால் 25,578 ரூபாய்தான். பெரிய இழப்பு. அதை அரிசியாக்கினால் மூட்டைக்கு 38 கிலோ வீதம் 684 கிலோ. கிலோ 70 ரூபாய்க்கு விற்றால் 47,880 ரூபாய். காய வைத்தல், அரைவை, பை, போக்குவரத்துக்குக் கிலோவுக்கு 8 ரூபாய் வீதம் 5,472 போக மிஞ்சுவது 42,408 ரூபாய். அதாவது இவ்வளவு பாடுபட்டும் நெல்லாகப் போட்ட உயர்விளைச்சல் ரகத்துக்குச் சமமாகத்தான் வருகிறது. உரச் செலவில் மீதமாவது மட்டுமே ஆதாயம்.

விலை 90 ரூபாய் கிடைத்தால் 684 கிலோவுக்கும் செலவு போக 56,088 ரூபாய். இது நல்ல வருமானம். ஆனால் பாதிதான் விற்றது, மீதியை நெல்லாகவே போட்டோம் என்றால் 28,044 ரூபாயும் 12,789 ரூபாயும் சேர்ந்து 40,833. மறுபடியும் கீழே போய்விட்டோம்.

ஆகவே விலையைவிட முக்கியம், எத்தனை கிலோ உறுதியாக விற்கும் என்பது. வாங்குபவர் யார் என்று தெரிந்த அளவுக்கு மட்டும் நிலம் ஒதுக்க வேண்டும். முதல் ஆண்டு 20 சென்ட் போதும். அதில் ஏறத்தாழ 137 கிலோ அரிசி, ஐந்து கிலோ பையாக 27 பை. வழியோரக் கடையிலோ, கோயில் வாசலில் மகளிர் குழு வைத்திருக்கும் மேசையிலோ ஒரு தை மாதத்தில் இதை விற்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு கூட்டலாம். மீதி நிலத்தில் ஆடுதுறை ரகங்களையே வைக்கலாம். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது, இந்த மண்ணுக்கும் இந்தத் தண்ணீருக்கும் ஏற்ற ரகங்கள் அங்கே கிடைக்கும்.

சில செய்முறைக் குறிப்புகள். மாப்பிள்ளைச் சம்பா போன்றவை ஐந்து மாதத்திற்கு மேல் நிற்பவை, உயரமாக வளர்பவை. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் கதிர் பிடிக்கும்போது சாய்ந்துவிடும். பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தால் அறுவடை இயந்திரத்தைச் சுத்தம் செய்யாமல் இறக்கக்கூடாது. கலந்துவிட்டால் பெயரும் போயிற்று, விலையும் போயிற்று. நெல்லை ஈரப்பதம் 13 சதத்துக்கு மேற்படாமல் காய வைத்து, நெல்லாகவே சேமித்து, விற்பனைக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பது நல்லது. தவிடு நீக்காத அரிசி விரைவில் சிக்கு வாடை பிடிக்கும். நகரத்துக்கு எடுத்துப் போனவர் டப்பாவைத் திறந்து வண்டு பார்த்தால் மறுமுறை நம்மிடம் வரமாட்டார். அரைத்த நாளைப் பையில் எழுதுங்கள். பையில் அடைத்து விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

வயலைக் காட்டுவதும் வீட்டில் தங்க வைப்பதும்

சில மாநிலங்களில் பண்ணைச் சுற்றுலா என்று தனியாகவே நடக்கிறது. மகாராட்டிரம் 2020இல் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. இத்தாலி நாட்டில் 1985இல் இயற்றிய சட்டம் இன்னும் தெளிவானது. விருந்தினரைத் தங்க வைப்பது பயிர்த்தொழிலுக்குத் துணையாக இருக்க வேண்டும், பயிர்த்தொழிலே முதன்மை என்று அது வரையறுத்தது. வயல் இல்லாத விடுதி பண்ணை விடுதி என்ற பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. நமக்கும் அது நல்ல அளவுகோல்.

நம் ஊரில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அறை கட்டக் கடன் வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆண்டில் எத்தனை நாள் ஆள் வரும் என்பதை மேலே பார்த்தோம். வட்டிக்கு விடுமுறை கிடையாது. திண்ணையும் முற்றமும் உள்ள ஓட்டு வீடு ஏற்கெனவே காலியாக இருந்தால், கழிப்பறையும் குளியலறையும் மட்டும் சரி செய்து தொடங்கலாம். தங்க வைப்பதற்குச் சுற்றுலாத் துறையில் பதிவு தேவை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் அவர் விவரத்தை உரிய அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். தங்குதல் இல்லாமல், காலை ஆறு மணி முதல் பதினொரு மணி வரை வயலைக் காட்டி, ஒரு வேளை இலைச் சாப்பாடு போட்டு அனுப்புவது இன்னும் எளிது. நாற்றுப் பறித்தல், நடவு, வாய்க்காலில் மதகு திறத்தல் ஆகியவை நமக்கு அன்றாட வேலை. நகரத்துப் பிள்ளைகளுக்கு அவை புதுமை. மோட்டார் கொட்டகையைப் பூட்டி வையுங்கள். கிணற்றுக்குத் தடுப்பு வேண்டும். பாம்புக் கடிக்குப் போக வேண்டிய மருத்துவமனை எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நடவு நடும் பெண்களைக் கேட்காமல் புகைப்படம் எடுக்க விடக்கூடாது. அவர்கள் சம்மதித்தால், அந்த நாளில் கிடைக்கும் வருமானத்தில் அவர்களுக்கும் கூலிக்கு மேல் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். வந்தவர்கள் பார்ப்பது நில உரிமையாளரை அல்ல, அவர்களுடைய கை வேகத்தை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தையற்காரர் வரை பங்கு எழுதி வைத்த ஊர் இது.

கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலோரம் உள்ள குமரகத்தில் செய்த ஏற்பாடும் நாம் அறிய வேண்டியது. அங்கே பெரிய விடுதிகள் வந்தும் ஊராருக்குப் பெரிய பயனில்லை என்ற குறை இருந்தது. 2008 வாக்கில் அரசும் பஞ்சாயத்தும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் விடுதிகளும் கூடிப் பேசி, காய்கறி, முட்டை, இளநீர் போன்றவற்றை ஊரிலிருந்தே வாங்க ஏற்பாடு செய்தார்கள். தொடக்கத்தில் கேட்ட அளவும் தரமும் தொடர்ந்து கிடைக்கவில்லை. பிறகு விலை நிர்ணயிக்க ஒரு குழுவும், சரக்கைத் திரட்ட ஓரிடமும் வைத்துச் சரி செய்தார்கள். தனி விவசாயி ஒருவர் ஓட்டல் வாசலில் போய் நின்றால் நடக்காது. பத்துப் பேர் சேர்ந்து, வாரத்தில் இந்த நாளில் இத்தனை இலை, இத்தனை கிலோ கீரை என்று சொல்ல முடிந்தால் ஓட்டல்காரர் கேட்பார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் நம் பகுதியில் நெல்லுக்கும் இடுபொருளுக்கும் செய்வதை இதற்கும் செய்யலாம்.

நிலம் கை மாறினால்

பயணிகள் மிகுதியாக வரும் ஊரில் சாலையோர வயலின் விலை ஏறுகிறது. விடுதி, திருமண மண்டபம், வண்டி நிறுத்துமிடம் எனக் கேட்டு வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாக நட்டத்தில் உழுதவரை விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நம் பாசனம் வயலுக்கு வயல் பாயும் பாசனம். நடுவில் ஒரு வயலை மண் போட்டு மேடாக்கினால் மேல்மடைக்காரருக்கு வடிகால் அடைபடும், கீழ்மடைக்காரருக்குத் தண்ணீர் எட்டாது. கார்த்திகை மழையில் பத்து நாள் தண்ணீர் நின்ற சம்பாவைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நஞ்சையை வேறு பயனுக்கு மாற்ற அரசு அனுமதி வேண்டும். அந்த மனு வரும்போது வாய்க்கால், வடிகால் போக்கு வரைபடத்தில் சரியாக இருக்கிறதா என்று பக்கத்து வயல்காரர்கள் போய்ப் பார்ப்பது அவசியம். 2020இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு தேடல் போன்ற தொழில்களைத்தான் தடுக்கிறது. ஒரு வயல் விடுதியாவதை அது தானாகத் தடுத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் இபுகாவ் மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த நெல் வயல்கள் உண்டு. 1995இல் அவை உலகப் பாரம்பரியச் சின்னமாயின. பார்க்க ஆள் வந்தது. ஆனால் நெல்லில் வரும்படி இல்லாமல் இளைஞர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். வரப்பு இடிந்தது, வாய்க்கால் தூர்ந்தது. 2001இல் அந்த வயல்கள் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தன. வாய்க்கால்களையும் பராமரிப்பையும் சீர் செய்த பிறகு 2012இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கின. கோயிலைப் பூட்டி வைத்தாலும் கல் நிற்கும். வயலில் ஓர் ஆண்டு ஆள் இறங்காவிட்டால் அது வயலாக இருக்காது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. செங்கற்பட்டுப் பக்கம் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுடக்கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊர் விவசாயிகள் கும்பினி அதிகாரியிடம் முறையிட்டுப் பாதுகாப்புப் பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்பது அவர்கள் கண்ட அனுபவம். சுற்றுலா பின்னால் வந்தது. நம் வடுவூர் ஏரிக்கும் மேட்டூர்த் தண்ணீர் வந்து நிறைந்தால்தான் பறவை வரும், பறவை வந்தால்தான் பார்ப்பவர் வருவார். ஏரியைத் தூர் வாருவதிலும், கரையில் மரம் வைப்பதிலும் ஆயக்கட்டுக்காரர்களைக் கலந்தே எதையும் செய்ய வேண்டும்.

2028 மாசி

கும்பகோணம் மகாமகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. சென்றது 2016 பிப்ரவரியில் நடந்தது, அடுத்தது 2028 மாசியில். அந்த நாட்களில் வரும் கூட்டத்தைப் போல வேறு எப்போதும் நம் பகுதிக்கு வருவதில்லை. அந்த நேரத்தில் அரிசி, வெற்றிலை, வாழை இலை, கோரைப்பாய் விற்க நினைப்பவர்கள் நெல்லின் நாட்கணக்கைப் பின்னோக்கி எண்ண வேண்டும். 2027 ஆவணியில் விதைக்கும் நீண்டகாலச் சம்பா, தையில் அறுத்து மாசிக்குள் காய்ந்துவிடும். ஆனால் அது புது அரிசி, சோறு குழையும். விலை கொடுத்து வாங்குபவர் ஒரு முறை வடித்துப் பார்த்தே முடிவு செய்துவிடுவார். பழைய அரிசி தர நினைத்தால் 2027 தையில் அறுக்கும் நெல்லையே ஓராண்டு வைத்திருக்க வேண்டும். அதற்குரிய விதையை 2026 ஆடிக்குள் தேடி வைத்து, ஆவணியில் நாற்றங்கால் விட வேண்டும். வாழை வைப்பவர்கள் இலைக்காக என்றால் 2027 தொடக்கத்தில் கன்று நடலாம். கொடிக்கால் புதிதாக இடுபவர்கள் அகத்தியை முன்கூட்டி விதைத்துக்கொள்ள வேண்டும். விதை கிடைக்கும் இடமும் மண் பரிசோதனையும் தேவைப்படுவோர் ஆடுதுறையிலோ, தங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.